தவளைக்கும் பாம்புக்கும் ஒரு வரைபடம்

நுழையும்முன்

ஓர் உயிரினத்திற்குப் பெயர் சூட்டியவுடன் அதனை அறிந்துகொண்டதாக எண்ணுவது மனித இயல்பு. அது எந்த ஓடையில், எந்த மாதத்தில், எவரால் காணப்பட்டது என்னும் குறிப்பு இல்லாத பெயரோ முகவரி இல்லாத மடலைப் போன்றது. ஒரு நிலப்பரப்பின் இருவாழ்விகளையும் ஊர்வனவற்றையும் தேடி, பதிந்து, வரைபடத்தில் குறிக்கும் பணி இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாகத் தென்னிந்தியாவில் நடந்து வருகிறது. மேற்குத்தொடர்ச்சி மலையையும் சோழமண்டலக் கடற்கரையையும் களமாகக் கொண்டு அப்பணியை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

மண்ணுக்குள் இருந்த தவளை

கேரள மாநிலத்தின் இடுக்கி மாவட்டத்து மலையோர மக்கள், பருவமழை நெருங்கும் நாள்களில் மண்ணைப் பிளந்துகொண்டு வெளிவரும் ஒரு தவளையை நெடுங்காலமாக அறிந்திருந்தனர். ஊதிப் பருத்த உடல், கருமை கலந்த ஊதா நிறம், சின்னஞ்சிறு கண்கள், கூரிய மூக்கு எனத் தவளை என்று சொன்னால் எளிதில் நம்ப முடியாத உருவம் அதற்கு உண்டு. ஆண்டு முழுவதும் மண்ணுக்கு அடியில் கறையான்களைத் தின்று வாழும் அது, இனப்பெருக்கத்திற்காகச் சில நாள்கள் மட்டுமே மேலே வரும். ஆண்டுக்கு ஒருமுறை பாதாளத்திலிருந்து தன் நாட்டைக் காண வரும் மாவேலி மன்னனின் பெயரால் அதனை மாவேலித் தவளை என்று அழைப்போரும் உளர்.

அறிவியல் உலகம் இத்தவளையை அறிந்த ஆண்டு 2003. எஸ்.டி. பிஜு, பிராங்கி போசூட் ஆகிய இருவரும் ‘நேச்சர்’ இதழில் இதனை ‘நாசிகாபட்ராக்கஸ் சகியாத்ரென்சிஸ்’ எனப் பெயரிட்டு அறிவித்தனர். ‘நாசிகா’ என்பது மூக்கையும், ‘சகியாத்ரி’ என்பது மேற்குத்தொடர்ச்சி மலையையும் குறிக்கும். இத்தவளைப் பேரினத்தின் நெருங்கிய உறவினங்கள் இந்தியாவில் இல்லை. இந்தியப் பெருங்கடலுக்கு அப்பால் உள்ள செஷல்ஸ் தீவுகளில் வாழ்கின்றன. இந்தியாவும் செஷல்சும் ஒரே நிலப்பகுதியாக இணைந்திருந்த காலத்தின் எச்சமாக இத்தவளை கருதப்படுகிறது.

இச்செய்தியில் வியப்பைக் காட்டிலும் சிந்தனைக்கு உரியது ஒன்று உண்டு. இத்தவளையின் தலைப்பிரட்டையை இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரான நெல்சன் அனந்தேல் 1918ஆம் ஆண்டிலேயே விவரித்திருந்தார். வாயை உறிஞ்சுகுழாய் போலப் பாறையில் பொருத்திக்கொண்டு, பாய்ந்தோடும் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்படாமல் நிற்கும் தலைப்பிரட்டை அது. அது வளர்ந்தால் எந்தத் தவளையாகும் என்பது அன்று எவருக்கும் தெரியவில்லை. தவளையை அறிந்தவர்கள் மலையில் இருந்தனர். தலைப்பிரட்டையைப் பற்றிய குறிப்பு ஏட்டில் இருந்தது. இரண்டையும் இணைக்க எண்பத்தைந்து ஆண்டுகள் ஆயின.

பழைய சீட்டுகளின் குறை

தென்னிந்தியப் பாம்புகளை முறையாகப் பதிந்த முன்னோடிகளுள் பாட்ரிக் ரசல் குறிப்பிடத்தக்கவர். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மருத்துவரான இவர், கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கையியலாளராகச் சென்னை மாகாணத்தில் பணியாற்றினார். சோழமண்டலக் கடற்கரையில் திரட்டிய பாம்புகளைப் பற்றிய இவருடைய நூல் வண்ணப் படங்களுடன் 1796இல் வெளிவந்தது. ரசலைத் தூண்டியது வெறும் ஆர்வம் அன்று. பாம்புக்கடியால் மக்கள் இறந்துகொண்டிருந்தனர். நஞ்சுள்ள பாம்பு எது, நஞ்சற்ற பாம்பு எது என எளிதில் பிரித்தறியும் வழியை அவர் தேடினார். ஒவ்வொரு பாம்பிற்கும் அவ்வூர் மக்கள் வழங்கிய பெயரையும் உடன் எழுதி வைத்தார். கட்டுவிரியன் இனத்தின் அறிவியல் பெயரான ‘பங்காரஸ்’ என்பது ‘பங்காரு’ என்னும் தெலுங்குச் சொல்லிலிருந்து பிறந்தது. தமிழர் கண்ணாடி விரியன் என்று அழைக்கும் பாம்பு, உலக வழக்கில் இன்றும் ரசலின் பெயரையே தாங்கி நிற்கிறது.

அடுத்த நூற்றாண்டில் இப்பணியை மலைகளுக்குக் கொண்டு சென்றவர் ரிச்சர்டு ஹென்றி பெடோம். படைவீரராகச் சென்னைக்கு வந்து, பின்னர் 1860 முதல் 1882 வரை மாகாணத்தின் தலைமை வனப் பாதுகாவலராக விளங்கிய இவர், ஆனைமலை முதல் பொதிகை வரை அலைந்து திரட்டிய தவளைகளும் பாம்புகளும் எண்ணற்றவை. மண்ணுக்கடியில் வாழ்ந்து, கேடயம் போன்ற வால்நுனியை உடைய சிறு பாம்புகள் பலவற்றை உலகிற்கு முதன்முதலில் அறிவித்தவர் இவரே. எனினும், பெடோம் போன்றோர் திரட்டிய உயிரிகள் அடைக்கப்பட்ட புட்டிகளின் சீட்டுகளில் பெரும்பாலும் ‘ஆனைமலை’, ‘மலபார்’, ‘திருவிதாங்கூர்’ என்று மட்டுமே இருந்தது. ஒரு மலைத்தொடரின் பெயரும் ஒரு சமஸ்தானத்தின் பெயரும் ஒரு சிறு தவளைக்கு முகவரி ஆகுமா?

அக்குறையின் விலையைக் காட்ட ஒரு தவளை போதும். பெடோம் திருவிதாங்கூரில் திரட்டிய பச்சை நிறச் சிறு தவளையை 1876இல் குந்தர் என்னும் அறிஞர் விவரித்தார். அதன்பின் அதைப் பற்றிய செய்தியே இல்லை. அழிந்துவிட்டதோ என ஐயுற்ற நிலையில், ஏறத்தாழ 136 ஆண்டுகளுக்குப் பின் அது மீண்டும் கண்டறியப்பட்ட செய்தி 2011இல் வெளியானது. தேடியவர்கள் குளத்தையும் ஓடையையும் மரக்கிளையையும் பார்த்திருப்பர். தவளையோ மெல்லிய மூங்கில்களின் கணுக்களுக்கு இடையே உள்ள வெற்றிடத்தில் வாழ்ந்துகொண்டிருந்தது. மூங்கிலில் உள்ள சிறு பிளவின் வழியே நுழைந்து அங்கேயே முட்டையிடுகிறது. ஆண் தவளை முட்டைகளுக்குக் காவல் இருக்கிறது. தலைப்பிரட்டைப் பருவம் நீரில் கழிவதில்லை. முட்டையிலிருந்து குட்டித் தவளையே வெளிவருகிறது. களக்காடு முண்டந்துறைப் பகுதியில் செய்யப்பட்ட ஆய்வுகள் இவ்வாழ்க்கை முறையைத் தெளிவாக்கின. ‘திருவிதாங்கூர்’ என்று எழுதிய சீட்டில் ‘மூங்கிலுக்குள்’ என்னும் ஒரு சொல் சேர்ந்திருந்தால், அந்நெடிய தேடல் வெகுவாகச் சுருங்கியிருக்கும்.

இரவில் நடக்கும் கணக்கெடுப்பு

இன்றைய கள ஆய்வாளர் ஒவ்வோர் உயிரியைக் காணும்போதும் குறைந்தது நான்கு வினாக்களுக்கு விடை எழுதுகிறார். எது? எங்கே? எப்போது? கண்டவர் யார்? ‘எங்கே’ என்பதற்குச் செயற்கைக்கோள் வழி இடமறியும் கருவி, அகலாங்கு நெட்டாங்குகளை நொடியில் தந்துவிடுகிறது. எனினும் கருவி தருவது புள்ளியை மட்டுமே. அப்புள்ளியில் தவளை இலையின் மேல் இருந்ததா, கல்லின் கீழ் இருந்ததா, தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருந்தது, மழை பெய்துகொண்டிருந்ததா என்பவற்றை மனிதக் கையே எழுத வேண்டும்.

இப்பணி பெரும்பாலும் மாலை மங்கிய பின்னரே தொடங்குகிறது. நெற்றியில் கட்டிய விளக்குடன் ஆய்வாளர்கள் ஓடையோரமாக மெல்ல நடப்பர். விளக்கொளி பட்டு மின்னும் கண்களைக் கொண்டு சில உயிரிகளைக் கண்டறிவர். சருகு மூடிய தரையில் கயிற்றால் சிறு சதுரம் அமைத்து, ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சருகுகளை ஒவ்வொன்றாக அகற்றித் தேடுவதும் உண்டு. நிலத்தில் தாழ்வான தடுப்பு கட்டி, அதன் ஓரமாக வாளிகளைப் புதைத்து வைத்தால், தடுப்பை ஒட்டி ஊர்ந்து வருபவை அவற்றுள் விழும். அவ்வாளிகளைத் தவறாமல் பார்த்து உயிரிகளை விடுவிப்பது இம்முறையின் கட்டாய விதி. பார்க்கத் தவறினால் கணக்கெடுப்பே கொலையாகிவிடும்.

கண்ணைவிடக் காது மிகுதியாக உதவும் இடங்களும் உள்ளன. தவளைகளில் ஆணே இணையை அழைத்துக் குரல் கொடுக்கிறது. அக்குரல் இனத்திற்கு இனம் வேறுபடும். தோற்றத்தில் இரட்டையர் போல் இருக்கும் இரு தவளைகள் குரலால் வேறுபட்டு, தனித்தனி இனங்கள் எனத் தெளிந்ததும் உண்டு. மணலுக்குள் மறைந்து கிடக்கும் நுணலைப் பற்றிப் பழமொழி நானூறு பேசுகிறது. ‘தவளை தன் வாயால் கெடும்’ என்பது இன்றும் மக்கள் வழக்கு. ஒலிப்பதிவுக் கருவி வந்த பின்னர், தன் வாயால் தவளை தன் இருப்பைப் பதிவு செய்துகொள்கிறது என்று அப்பழமொழியை மாற்றிச் சொல்லலாம் போலும்.

தெரியுமா?

காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் (1972), பாதுகாக்கப்பட்ட விலங்குகளை உரிய இசைவின்றிப் பிடிப்பதைக் குற்றமாக்குகிறது. தொலைவிலிருந்து எடுத்த தெளிவான ஒளிப்படமும், நாளும் நேரமும் இடமும் எழுதிய குறிப்பும் ஒரு முழுமையான பதிவாக ஏற்கப்படும். பாம்பைத் தொட வேண்டிய தேவை பார்வையாளருக்கு இல்லை.

வெற்றுக் கட்டத்தின் இரு பொருள்

திரட்டிய பதிவுகளைக் கொண்டு வரைபடம் உருவாகிறது. நிலப்பரப்பைச் சம அளவுள்ள கட்டங்களாகப் பிரித்து, ஓர் இனம் காணப்பட்ட கட்டத்தில் எல்லாம் புள்ளி வைப்பது எளிய முறை. புள்ளி உள்ள கட்டம் ஒரு பொருளையே தரும். அவ்வுயிரி அங்கே இருந்தது. புள்ளி இல்லாத கட்டத்திற்கோ இரு பொருள் உண்டு. உயிரி அங்கே இல்லாமல் இருக்கலாம். அல்லது அங்கே எவரும் தேடாமல் இருக்கலாம். தேயிலைத் தோட்டச் சாலைகள், ஓய்வில்லங்கள், அருவிகள் ஆகியவற்றின் அருகே புள்ளிகள் குவிவதும், சாலையற்ற சரிவுகள் வெறுமையாகக் கிடப்பதும் வரைபடங்களில் இயல்பாகக் காணப்படுகின்றன. அவ்வரைபடம் தவளைகள் வாழும் இடத்தைக் காட்டவில்லை. மனிதர்கள் நடந்த பாதையையே காட்டுகிறது.

ஆகவே, எத்தனை பேர், எத்தனை மணி நேரம் தேடினர் என்பதையும் எழுதி வைக்கும் வழக்கம் ஏற்பட்டது. ‘மூவர், நான்கு மணி நேரம், எதுவும் கிட்டவில்லை’ என்னும் வரி வெறும் தோல்விக் குறிப்பு அன்று. பத்து ஆண்டுகள் கழித்து அதே ஓடைக்குச் செல்பவருக்கு அவ்வரியே அளவுகோல். அணை கட்டுவதற்கோ சாலை அமைப்பதற்கோ ஓரிடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, தேடப்படாத கட்டம் ‘உயிரினம் இல்லாத இடம்’ என்று எண்ணப்படும் தீங்கு நேரக்கூடும். உலக இருவாழ்விகளில் ஏறத்தாழ 41 விழுக்காடு அழியும் நிலையில் உள்ளதாக 2023இல் வெளிவந்த உலகளாவிய மதிப்பீடு கூறுகிறது. இத்தகைய காலத்தில் அந்தப் பிழையைப் பின்னர்த் திருத்திக்கொள்ளலாம் என்று விட்டுவிட இயலாது.

புள்ளியை மறைக்க வேண்டிய நேரமும் உண்டு. நட்சத்திர ஆமை வளர்ப்பு விலங்காக விற்கப்படுவதற்காகக் கடத்தப்படுகிறது. இருதலை மணியன் என்று மக்கள் அழைக்கும் மண்ணுளிப் பாம்போ, செல்வம் தரும் என்னும் மூடநம்பிக்கையால் வேட்டையாடப்படுகிறது. இத்தகைய உயிரிகளின் துல்லியமான இடத்தை வெளியிட்டால் அது கடத்துவோருக்கு வழிகாட்டியாகிவிடும். எனவே, ஆய்வாளர்கள் துல்லியத்தைத் தம் ஏட்டில் வைத்துக்கொண்டு, வெளியிடும் வரைபடத்தில் புள்ளியைப் பெரிதாக்கி இடத்தை மங்கலாக்குகின்றனர்.

மலையின் கிழக்குப் பக்கம்

ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் நீளமுள்ள மேற்குத்தொடர்ச்சி மலை, பார்வைக்கு ஒரே சுவர் போல் தோன்றினாலும் தவளைகளுக்கு அது தீவுக்கூட்டம். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே பாலக்காட்டுக் கணவாய் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்திற்குத் தாழ்ந்து கிடக்கிறது. குளிர்ந்த சோலைக்காட்டில் வாழப் பழகிய விரல்நுனி அளவுத் தவளை, வெப்பமான அச்சமவெளியைக் கடந்து செல்வது அரிது. கணவாயின் இரு பக்கத்துப் புதர்த்தவளைகளை மரபணு வழி ஒப்பிட்ட ஆய்வுகள், அவை நெடுங்காலமாகப் பிரிந்து தனித்தனி இனங்களாக வளர்ந்திருப்பதைக் காட்டுகின்றன.

மலையின் வடக்கும் தெற்கும் மட்டுமல்லாமல், கிழக்கும் மேற்கும்கூட வெவ்வேறு உலகங்கள். மேற்குச் சரிவில் தென்மேற்குப் பருவமழை கொட்டும் நாள்களில், மழைமறைவில் உள்ள தமிழகச் சரிவு பெரும்பாலும் காய்ந்திருக்கும். அதற்கு நல்ல மழை ஐப்பசி, கார்த்திகையிலேயே வருகிறது. திருவில்லிபுத்தூரை ஒட்டிய மலைச்சரிவு ஓடைகளில், மாவேலித் தவளையினுடையதைப் போன்ற தலைப்பிரட்டைகள் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் காணப்பட்டன. இடுக்கித் தவளை இனப்பெருக்கம் செய்யும் காலத்தோடு அது பொருந்தவில்லை. மரபணு, உடலமைப்பு, குரல் ஆகியவற்றை ஒப்பிட்டபோது, அது தனியான மற்றோர் இனம் என்பது உறுதியாயிற்று. 2017இல் அதற்கு ‘நாசிகாபட்ராக்கஸ் பூபதி’ எனப் பெயர் சூட்டினர்.

இங்கு ‘எப்போது’ என்னும் வினாவின் வலிமை விளங்கும். இரு தவளைகளும் வாழும் மலைத்தொடர் ஒன்றே. மேற்குச் சரிவின் நாள்காட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வைகாசி மாதத்தில் திருவில்லிபுத்தூர் ஓடைக்குச் சென்றிருந்தால், வெறுங்கையுடன் திரும்ப நேர்ந்திருக்கும். கட்டமும் வெறுமையாகவே இருந்திருக்கும்.

பெயருக்கு உரியவர் எஸ். பூபதி. கோயம்புத்தூரில் உள்ள சாலிம் அலி பறவையியல் மற்றும் இயற்கை வரலாற்று மையத்தில் பணியாற்றிய ஊர்வன அறிஞர். அகத்தியமலையில் கள ஆய்வில் ஈடுபட்டிருந்தபோது நேர்ந்த விபத்தால் 2014இல் உயிர்நீத்தார்.

நஞ்சும் நிலமும்

தவளையின் முகவரி தவறினால் ஓர் உயிரினம் மறக்கப்படும். பாம்பின் முகவரி தவறினால் மனித உயிர் போகும். 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஓர் ஆய்வு மதிப்பிடுகிறது. ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். இறந்தவர்களில் பெரும்பாலோர் சிற்றூர்களைச் சேர்ந்தவர்கள்.

இந்தியாவில் பயன்படும் நஞ்சுமுறி மருந்து, நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கு எதிராகச் செய்யப்படுவது. இந்நான்கைத் தவிர வேறு பாம்பும் கடிக்கலாம் என்பதைக் கேரளத்தில் நடந்த ஒரு மருத்துவ ஆய்வு உணர்த்தியது. மேற்குத்தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும், மேல்நோக்கி வளைந்த மூக்குநுனியை உடைய சிறிய குழிவிரியன் ஒன்று வாழ்கிறது. அதனால் கடிபட்டு உயிருக்குப் போராடியவர்களின் நேர்வுகளை மருத்துவர்கள் 2007இல் வெளியிட்டனர். நோயாளிகளோடு கொண்டுவரப்பட்ட பாம்புகள் சுருட்டை விரியன் என முன்னர்த் தவறாகக் கருதப்பட்டிருந்தன. நஞ்சுமுறி மருந்து கொடுத்தும் பயன் இல்லை. ஏனெனில் அம்மருந்து இப்பாம்புக்கு உரியது அன்று. அப்பகுதியில் எந்தப் பாம்பு வாழ்கிறது என்பதைச் சரியாகக் காட்டும் வரைபடம், மருத்துவமனையின் சுவரில் இருக்க வேண்டிய ஒன்று.

பாம்பைச் சரியாக அடையாளம் கண்டாலும் சிக்கல் தீர்வதில்லை. ஒரே இனப் பாம்பின் நஞ்சு, இடத்திற்கு இடம் வேறுபடுகிறது. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தினர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் பல மாநிலங்களின் பாம்பு நஞ்சுகளை ஒப்பிட்டு, தென்னிந்திய நஞ்சைக் கொண்டு செய்த மருந்து பிற பகுதிப் பாம்புக்கடிக்கு அதே வலிமையுடன் பயன்படுவதில்லை எனக் கண்டனர். நாட்டின் நஞ்சுமுறி மருந்துகளுக்கான நஞ்சின் பெரும்பகுதி, சென்னையை அடுத்த வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து செல்கிறது. 1978இல் தொடங்கப்பட்ட இச்சங்கத்தின் உறுப்பினர்கள், பாம்புத்தோல் வணிகம் தடைசெய்யப்பட்டபோது வாழ்வாதாரத்தை இழந்த இருளர் குடியினர். மண்ணில் பதிந்த தடம், வளையின் வாய், உதிர்ந்த தோல், எச்சம் ஆகியவற்றைக் கொண்டே உள்ளே இருக்கும் பாம்பு எது என்று சொல்லக்கூடியவர்கள் இவர்களிடையே உள்ளனர். இருளர் இனத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. இவர்கள் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திற்கு அழைக்கப்பட்டு, அங்குப் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைத் தேடிப் பிடிக்க உதவியவர்கள்.

சங்கத்திற்குக் கொண்டுவரப்படும் பாம்பு மண்பானையில் சில வாரங்கள் வைக்கப்படுகிறது. சில நாள் இடைவெளியில் நஞ்சு எடுக்கப்பட்ட பின், மீண்டும் காட்டில் விடப்படுகிறது. விடுவதற்கு முன் அதன் அடிவயிற்றுச் செதிலில் ஓர் அடையாளம் இடுவர். அடையாளம் மறையும் முன் அப்பாம்பு மீண்டும் எவர் கையிலேனும் அகப்பட்டால், அது முன்பே கணக்கில் வந்த பாம்பு என்று தெரிந்துவிடும். அதை அப்படியே விட்டுவிடுவர்.